கிளஸ்டர் வாங்கலாம், முதலில் பங்கு முறையைப் பேசுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரி ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இந்தப் பேச்சுதான். ஆளாளுக்கு ஒரு ஒர்க்ஸ்டேஷன் வாங்குவதை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து, பல கம்ப்யூட்டர்களை இணைத்து ஒன்றாக வேலை வாங்கும் ஒரே கிளஸ்டராக வாங்கினால் என்ன? எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பேச்சு எத்தனை கோர், எந்த ஜிபியு (கணக்கை வேகப்படுத்தும் சிப்), எத்தனை டெராஃப்ளாப்ஸ் (கணக்குப் போடும் வேகத்தின் அளவு) என்பதையே சுற்றி வருகிறது. யாருக்கு எப்போது கிடைக்கும் என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

தேவை இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஸ்காலர் ஒருவர், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளை லேப்டாப்பில்தான் ஓட்டுகிறார். டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இவர் வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பார். 100 நானோசெகண்ட் சிமுலேஷன் வாரக்கணக்கில் இழுக்கும். கடைசியில் ஆய்வுக் கட்டுரையைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர் சாவகாசமாக, 'இதையே மூன்று முறை ஓட்டிக் காட்டுங்கள்' என்பார். அதே வளாகத்தில் இன்னொரு துறையில், நல்ல ஜிபியு போட்ட மெஷின் ஒன்று துணி போர்த்தி ஹெச்ஓடி அறையில் இருக்கிறது. புராஜெக்ட் முடிந்தது, பணம் செலவானதற்கான யுடிலைசேஷன் சர்டிபிகேட்டும் போயாச்சு. இப்போது அதில் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கு எக்செல் தட்டுகிறார்கள்.

பொதுவில் வாங்கினால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். விதி இல்லாவிட்டால் பெரிய ஹெச்ஓடி ஒருத்தரின் அறைக்குப் பதில் பெரிய காலேஜ் ஒன்றின் அறையில் பூட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். யார் வேலை எப்போது ஓட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் போன்ற ஷெட்யூலர் மென்பொருளில் ஃபேர்ஷேர் என்று ஒன்று உண்டு. போன வாரம் நிறைய ஓட்டியவருக்கு இந்த வாரம் வரிசையில் பின்னால் இடம். பணம் போட்ட துறைக்கு அதன் பங்கு நோடுகளில், அதாவது கிளஸ்டருக்குள் இருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர்களில், முன்னுரிமை. அவர்கள் ஓட்டாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பங்குக்காரர் வந்தால் இடத்தை விட்டுவிட வேண்டும். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமா என்ன? டெண்டர் விடும் முன்பே இதை எழுதி எல்லாக் கல்லூரி முதல்வர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மெஷின் வந்து இறங்கின பிறகு ஒருத்தரும் போடமாட்டார்கள்.

அடுத்தது கொட்டேஷனில் வராத செலவு. ஏசியோடு சேர்த்து 20 கிலோவாட் இழுக்கும் சின்ன கிளஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 480 யூனிட், மாதம் 14,400. யுபிஎஸ் பேட்டரி சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் விட, லினக்ஸ் தெரிந்த முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். கருவி வாங்குவதற்கென்று எக்யூப்மென்ட் ஹெட்டில் வரும் பணத்தை எடுத்துச் சம்பளம் போட முடியாது. இங்கே லினக்ஸ் கற்றுக்கொண்ட பிள்ளை ஓசூர் தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறது. தொகுப்பூதியத்துக்கு எத்தனை நாள் நிற்கும்? புரபோசலில் முதல் வரியே இந்த ஆளின் ஐந்து வருஷச் சம்பளமாக இருக்கட்டும். அதற்காக ஒன்றிரண்டு நோடு குறைந்தாலும் நஷ்டமில்லை.

'திருச்சி என்ஐடியில் பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறதே, நமக்கு எதற்குத் தனியாக?' என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 2015-ல் 4,500 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷனில் வந்தது அது. 2022 முதல் ஓடுகிறது, 838 டெராஃப்ளாப்ஸ். நாம் வாங்கப் போவது அதன் கால்தூசுக்குக் கூட வராது. பெரிய கணக்குகளை அங்கே விண்ணப்பித்து ஓட்டுவதுதான் சரி. ஆனால் கிளஸ்டருக்கு வேலை கொடுக்கும் ஜாப் ஸ்கிரிப்ட்டை எழுதியே பார்க்காத பையன் அங்கே போய் என்ன கேட்பான்? நூறு தப்புப் பண்ணிப் பழக பக்கத்திலேயே ஒன்று வேண்டும். அதற்கு எட்டு நோடு தாராளம்.

எங்கே வைப்பது என்பதில்தான் அடுத்த சண்டை வரும். பைசுஅள்ளியா, பர்கூரா, கிருஷ்ணகிரியா என்பதல்ல, உயர் அழுத்த மின் இணைப்பும் ஜெனரேட்டரும் நல்ல நெட்டும் எந்த வளாகத்தில் இருக்கிறதோ அங்கே வைக்கட்டும். கமிட்டியில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் வரைவை அனுப்புங்கள். பங்கு விதிகளை நானே எழுதித் தருகிறேன்.