ஊசி வரியில் பேனா வைப்பதற்கு முன்

போன மாதம் நானும் கணவரும் செலவுப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, மளிகை மட்டும் மாதா மாதம் ஏறுகிறது. எதை அடிப்பது என்றுதான் பேச்சு. கடைசியில் அவர் பேனாவை ஒரு வரியின் மேல் வைத்தார்: "மணி, மீனு – தடுப்பூசி."

"இதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா? ரெண்டும் வீட்டுக்குள்ளேதானே இருக்கு" என்றார். மணி எங்கள் நாய், மீனு பூனை. மணி அப்போது அவர் காலடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் கூடவே கூடாது என்றேன். இதே பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கும் என்பதால்தான் எழுதுகிறேன். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கும் பார்வோ வரும், கடும் வாந்தியும் பேதியுமாகப் படுத்தும் வைரஸ் நோய் அது. அந்த வைரஸ் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும், மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். வந்துவிட்டால் நாள் கணக்கில் ட்ரிப்ஸ், மருத்துவமனை வாசம். ஊசிச் செலவு அதன் பக்கத்தில்கூட நிற்காது. ரேபிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனிதரோ விலங்கோ பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த நாள் மருத்துவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: "இந்த மாதம் கொஞ்சம் கஷ்டம் டாக்டர், இதில் எது இப்போதே போட்டாக வேண்டும்?" அவர் முகம் சுளிக்கவில்லை, கார்டை வாங்கிப் பார்த்தார். குட்டியில் போட வேண்டியதை முறையாகப் போட்டு, பிறகு பூஸ்டரும் போட்டுவிட்டால், டிஸ்டெம்பர் (இதுவும் நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் நோய்), பார்வோ ஊசிகளை வளர்ந்த நாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதுமாம். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வருடா வருடம் வேண்டும். ரேபிஸுக்கு அந்தந்த ஊர்ச் சட்டமும் மருந்தும் சொல்கிற இடைவெளி. பட்டியலில் இருந்த செலவில் பாதிதான் இந்த வருடம் தேவைப்பட்டது. நாமாக அடிப்பதற்கும் கேட்டுவிட்டுத் தள்ளிப்போடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பணத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

சரி, அப்படியானால் எங்கே குறைப்பது? எங்கள் வீட்டில் பதில் உணவுக் கிண்ணத்தில் இருந்தது. மணிக்குத் தீனியை ஆளாளுக்கு ஒரு டம்ளரில் அள்ளிப் போடுவோம். ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். அவன் எடைக்குப் பையில் போட்டிருந்தது வேளைக்கு 120 கிராம். நான் அள்ளியது 140, கணவர் அள்ளியது 155, மகள் அள்ளியது 170. தராசு முள்ளைப் பார்த்துவிட்டு அவள், "அவன் பாவமா பார்ப்பான்மா" என்றாள். எனக்கும் அந்தப் பார்வை தெரியும். ஆனால் அந்தப் பார்வைக்காக அதிகம் போடுவது அவனுக்கு நல்லதில்லை. 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது, 2002-ல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. இப்போது தராசு தீனி டப்பாவின் மேலேயே இருக்கிறது. பையும் கூடுதல் நாள் வருகிறது.

விலை குறைந்த தீனிக்கு மாறுவதும் தப்பில்லை. பொட்டலத்தின் பளபளப்பைப் பார்க்காமல், 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று பாருங்கள். பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கெடும். பூனை என்றால் இன்னும் ஜாக்கிரதை. பிடிக்காமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே அதற்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் சில காரியங்கள்தான் எனக்குப் பயம். மிஞ்சிய குழம்பை நாய்க்கு ஊற்றுவது அதில் ஒன்று. வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்த் தீனியே சல்லிசு என்று பூனைக்கும் அதையே போடுவது இன்னொன்று. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கண் பார்வையும் போகும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போய்விடும்.

மனிதர்களுக்கான மளிகையில் எங்களுக்கு உதவியது ஒரு நோட்டுதான். ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்கவிட்டு, குப்பையில் போடுவதை எல்லாம் இரண்டு வாரம் எழுதினோம். திரும்பத் திரும்ப அதே நாலைந்து பொருள்கள். வாடிய கீரை, பாதி நறுக்கி மறந்த காய், ஏற்கெனவே இருப்பது தெரியாமல் வாங்கிய இரண்டாவது பாக்கெட். 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. நோட்டைப் பார்த்தபோது அதில் எங்கள் பங்கு எனக்குத் தெரிந்தது, உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இப்போது கடைக்குக் கிளம்பும் முன் அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். அப்புறம், விலையை விட எடையைப் பாருங்கள். விலை அப்படியே இருக்கும், பொட்டலம் இளைத்திருக்கும்.

மணிக்குப் பல்லில் காறை படிந்திருக்கிறது, சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவசரமில்லையாம். ஒரு டப்பாவில் மாதம் கொஞ்சம் போட்டு வருகிறோம், இன்னும் பாதிகூடச் சேரவில்லை. அதுவரை நாய்களுக்கான பேஸ்ட்டை வைத்து ராத்திரி ராத்திரி மகள் தேய்த்துவிடுகிறாள். முதல் வாரம் வாயையே திறக்காமல் இருந்தான். நேற்று பிரஷைப் பார்த்ததும் அவனே வந்து உட்கார்ந்தான்.