தோற்றவர் என்றால் யார் வேண்டுமானாலும் விரல் நீட்டலாமா?

2024 ஜூனில் சந்திரபாபு நாயுடு முதல்வராகப் பதவியேற்ற விஜயவாடா மேடை வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. ஸ்லோமோஷனில் பார்த்தாயிற்று, வடிவேலு வசனம் போட்டும் பார்த்தாயிற்று. வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்த பாஜகவின் தமிழிசை சௌந்தரராஜனைத் திரும்பக் கூப்பிட்டு, விரலை ஆட்டி ஆட்டி அமித் ஷா ஏதோ சொல்கிறார். தமிழிசை நடுவில் ஒரு வார்த்தை சொல்லப் பார்க்கிறார், முடியவில்லை, தலையாட்டிவிட்டுப் போகிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தென்சென்னை வாக்காளர். என் ஓட்டு அவருக்கு விழவில்லை, இனியும் விழாது. அவருடைய அரசியலில் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதைச் சொன்ன பிறகும் ‘எப்ப சங்கி ஆனீங்க அக்கா’ என்று இன்பாக்ஸில் வருவீர்கள், தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். தோற்றது அவர் மட்டுமா?

2006ல் ராதாபுரம். 2009ல் வடசென்னை. 2011ல் வேளச்சேரி. 2016ல் விருகம்பாக்கம். 2019ல் தூத்துக்குடி. 2024ல் தென்சென்னை. இந்தப் பட்டியலை ஜோக் மாதிரி ஃபார்வர்டு செய்கிறீர்களே, நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். இதில் எந்தத் தொகுதி பாஜக ஜெயிக்கிற தொகுதி? ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்து ஒரு வருடம்கூட ஆகாத தூத்துக்குடியில், கனிமொழிக்கு எதிராக அவரை நிறுத்தினார்கள். ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 3 லட்சத்து 47 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அங்கே வேறு யாரை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார்கள், சொல்லுங்கள்.

அப்புறம் 2024 மக்களவைத் தேர்தல். கவர்னர் பதவியை மார்ச்சில் ராஜினாமா செய்துவிட்டு வந்தார். தெலங்கானா ராஜ்பவன், புதுச்சேரி பொறுப்பு, சல்யூட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சித்திரை வெயிலில் எங்கள் தெருவுக்கு வந்து ‘அக்கா 1825’ என்று நோட்டீஸ் கொடுத்தார். ஐந்து வருடத்துக்கு 1825 நாளாம். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் வடசென்னையில் 23 ஆயிரம் வாங்கியவர், தென்சென்னையில் 2 லட்சத்து 90 ஆயிரம் வாங்கி இரண்டாவது வந்தார். வேளச்சேரியும் விருகம்பாக்கமும் இதே தென்சென்னைக்குள்தான் வருகின்றன. தன்னைத் தோற்கடித்த தெருக்களுக்கே திரும்பப் போய் ஓட்டுக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதிமுக கூட்டணி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று அவர் சொன்னது வேறு கதை. தென்சென்னையில் அந்தக் கணக்கு தேறாது. அதிமுகவின் 1 லட்சத்து 72 ஆயிரத்தைக் கூட்டினாலும் ஜெயித்த திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன் வாங்கிய 5 லட்சத்து 16 ஆயிரத்துக்குக் கீழேதான் நிற்கிறது. இதை வைத்து அவரைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். நீங்கள் கேட்பது அதையா? அவர் தலைமுடியைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?

சரி, அவர் கட்சிக்கே வருவோம். எல். முருகன் 2021ல் தாராபுரத்தில் தோற்றார், 2024ல் நீலகிரியில் தோற்றார். தேர்தல் முடிந்த கையோடு டெல்லியில் மறுபடியும் இணை அமைச்சராகப் பதவியேற்றார். மாநிலங்களவை இருக்கிறதே. அண்ணாமலை அரவக்குறிச்சியிலும் தோற்றார், கோவையிலும் தோற்றார், மாநிலத் தலைவர் நாற்காலி அப்போது அப்படியே இருந்தது. பொன். ராதாகிருஷ்ணனும் தோற்றார். 39ல் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மேடையில் கூப்பிட்டு விரல் நீட்டப்பட்டது ஒரே ஒருவருக்கு. கட்சியில் யார் யாருக்கெல்லாமோ பதவி கொடுக்கிறார்கள் என்றும், ஐடி விங் வாயை அடக்க வேண்டும் என்றும் வெளியில் பேசியவருக்கு. தற்செயல்தான், இல்லையா?

எங்கள் பெரியம்மா ஒருமுறை வார்டு மெம்பருக்கு நின்றார். பூட்டு சாவி சின்னம். சொந்தக்காரர்கள் ஓட்டே முழுசாக விழவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் ஒரு குரல், ‘மெம்பருக்கு ரெண்டு அப்பளம் சேர்த்து வைப்பா’ என்று. இலை மொத்தமும் சிரிக்கும். மிஞ்சிய நோட்டீஸ்களைப் பெரியம்மா அடுக்களை அலமாரியில் கவிழ்த்து விரித்து, மேலே பருப்பு டப்பாக்களை வைத்திருந்தார். அதே தேர்தலில் எங்கள் மாமா ஒருவரும் டெபாசிட் போய்த் தோற்றார். அவரை எல்லோரும் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியே இல்லாமல்!

‘விமானத்தில் பாஜகவுக்கு எதிராகக் கோஷம் போட்ட மாணவி மீது புகார் கொடுத்துக் கைதாக வைத்தவர்தானே’ என்று கேட்பீர்கள். ஆமாம், 2018ல் நடந்தது. தப்புதான். அன்றைக்கே தப்பு என்று எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள். அதற்காக விஜயவாடாவில் விரல் நீட்டியது சரியாகிவிடுமா?

‘அமித் ஷா அறிவுரைதான் சொன்னார் என்று தமிழிசையே ட்வீட் போட்டுவிட்டார், உங்களுக்கு ஏன் வலிக்கிறது’ என்பது அடுத்த கேள்வி. வேறு என்ன போடுவார்? ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேலதிகாரி கத்திவிட்டுப் போன பிறகு, ‘ஒண்ணுமில்லை, ப்ராஜெக்ட் விஷயம்’ என்று பக்கத்து சீட்டில் சொல்லாத பெண் யாராவது இருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவியிருக்கிறேன். அதனால்தான் சத்தமே கேட்காத அந்த வீடியோவில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் திமுக நண்பர்கள் கூத்து தனி. காலையில் ‘தமிழ்ப் பெண்ணை அவமானப்படுத்திவிட்டார்கள்’ என்று பொங்கல். மதியம் அதே பக்கத்தில் பரட்டை மீம். காலையில் வந்த தமிழ்ப் பெண் மதியத்துக்குள் எங்கே போனாள்? பாஜக நண்பர்களோ, ‘தாமரை மலர்ந்தே தீரும்’ என்று அவர் தொண்டை வறள ஊர் ஊராகச் சொன்னபோது கைதட்டியவர்கள், இப்போது ‘ஷா ஜி சரியாகக் கொடுத்தார்’ என்கிறார்கள். குமரி அனந்தன் மகள், காங்கிரஸ் வீட்டை விட்டு உங்களுக்காக வந்தவர். சித்தப்பா மகன் விஜய் வசந்த் இதே தேர்தலில் கன்னியாகுமரியில் ஜெயித்திருக்கிறார். பிறந்த வீட்டுக் கட்சியிலேயே இருந்திருந்தால் எப்போதோ எம்.பி. ஆகியிருப்பார். டாக்டராக மட்டும் இருந்திருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பார்.

அவரை எதிர்த்து எழுதுங்கள். நானும் எழுதுவேன். தூத்துக்குடி, தென்சென்னை, கவர்னராக இருந்தபோது செய்தது, செய்யாதது என்று எதை வேண்டுமானாலும் கமெண்டில் கொண்டுவாருங்கள், பேசலாம். முடி, நிறம், உயரம் என்று வருகிற கமெண்டை நீக்கிவிடுவேன், போட்டவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், என் சொந்தக்காரராக இருந்தாலும். ஏற்கெனவே இரண்டு பேரை பிளாக் செய்தாயிற்று. அதில் ஒருவர் அந்த மாமாவின் மகன்.