வாவியை விட்டுவிட்டு மட்டக்களப்பைச் சுற்றாதீர்கள்

நீண்ட வார இறுதி வந்தால் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லாப் பக்கமுமிருந்து நண்பர்கள் கூட்டமாக வேன் பிடித்து மட்டக்களப்புக்கு வருகிறார்கள். வரட்டும், சந்தோசம்தான். ஆனால் பலருடைய திட்டத்தைக் கேட்டால் மனம் நோகிறது. காலையில் பாசிக்குடா, மத்தியானம் கல்லடிப் பாலத்தில் ஒரு படம், பின்னேரம் அறுகம்பே.

பாசிக்குடாவிலிருந்து அறுகம்பே இருக்கிற பொத்துவிலுக்குக் கிட்டத்தட்ட 140 கிலோமீற்றர். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிற பாதை அது. வேகமாகப் போக வழியில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேனுக்குள்ளேயே போய்விடும். இரண்டு இரவு தங்க முடியாவிட்டால் அறுகம்பேயை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். வாவியை மட்டும் விடாதீர்கள்.

ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது இந்த வாவி. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. விடியலைக் கடற்கரையில் பார்த்துவிட்டு, அந்தியை எழுவான்கரையில் நின்று வாவிக்கு மேலால் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் சில நூறு மீற்றர்தான் தூரம்.

தோணியில் போவதென்றால் காலை ஆறு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற காலம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வாவி ஆழம் குறைவு என்பதால் குட்டை குட்டையாக அலை எழும்பித் தோணிக்குள் தண்ணீர் தெறிக்கும். ஆற்றுவாழை அடைந்த பக்கமும், வலை கட்டிய கம்புகள் நிற்கிற பக்கமும் எஞ்சினின் விசிறியில் சிக்கும். ஆகவே ஓட்டுகிறவர் சுற்றிப் போனால் அவசரப்படுத்த வேண்டாம். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே எண்ணுங்கள். கண்டல் ஓரங்களில் கால் நனைக்க இறங்க வேண்டாம், வாவியில் முதலை உண்டு.

இரவில் வாவித் தண்ணீருக்குள்ளிருந்து ஒலி எழுப்பும் என்று சொல்கிற பாடும் மீனைப் பற்றித்தான் அதிகம் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். பாலத்தில் நின்று காது கொடுத்தால் வாகனச் சத்தம்தான் கேட்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்குமான மழையில்லாத மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவில், காற்றடங்கிய பிறகு போக வேண்டும். பழைய கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, எஞ்சினை முழுதாக அணைத்துவிட்டு, துடுப்பின் தட்டையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வையுங்கள். தண்ணீருக்குள் இருக்கிற ஒலியை மரம் காதுவரை கொண்டுவரும். தோணியில் ஒருவர் கதைத்தாலும் கெட்டுவிடும், எனவே பத்துப் பேரை ஒன்றாக ஏற்றாமல் நாலு நாலு பேராகப் போவது நல்லது. மீனா, மட்டியா என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லா இரவும் கேட்கும் என்று யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள்.

பழைய பாலம் 1924இல் கட்டியது. 2013இல் பக்கத்தில் புதியது திறந்தபிறகு கனரக வாகனத் தொல்லை இல்லாமல் பழையதில் நடக்க முடிகிறது.

நகரின் நடுவான புளியந்தீவுக்கு ஒரு காலைப்பொழுது முழுதாகக் கொடுங்கள். வேனை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டிய இடம் இது. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலும் கொத்தளம். வாயிலுக்கு மேலே ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடாதீர்கள். நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கிய இடம் என்பதால் வாயிலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு நுழைவதுதான் முறை. மதில்மேல் ஏறிக் குதித்துக் காணொளி எடுக்கிற வேலை வேண்டாம்; கல் பெயர்ந்தால் திருத்தி வைக்க ஆளில்லை.

அங்கிருந்து காந்தி பூங்காவுக்கு நடக்கும் தூரம்தான். பக்கத்தில் நிற்கிற மட்டக்களப்பு வாயில், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய இடம். அதே ஆண்டில் அவர் தொடங்கியதுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் மரியன்னை பேராலயமும் அதே நடைக்குள் அடங்கும்.

கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்தவர். அவர் எழுதிய யாழ் நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். தமிழ் படித்த யாரும் பத்து நிமிடம் அங்கே நிற்காமல் கடற்கரைக்கு ஓடக்கூடாது. கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் 2004 சுனாமியில் சாய்ந்தது. கல்லடிக் கடலும் பாசிக்குடாக் கடலும் ஒன்றல்ல. கல்லடி திறந்த கடல், கரையிலேயே ஆழம் விழும். பாலமீன்மடு முகத்துவாரத்தில் மழைக்குப்பின் வாவி வெட்டிப் பாயும்போது குளிக்கவே கூடாது. 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பாசிக்குடா ஆழமில்லை என்பது உண்மை. ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. காற்றடைத்த ரியூப்பிலும் மெத்தையிலும் படுத்தால் தெரியாமலேயே வெளியே தள்ளிக்கொண்டு போகும். நீந்தத் தெரியாதவர்களுக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். குடித்துவிட்டு இறங்குகிறவரை நண்பர்கள்தான் தடுக்க வேண்டும், உயிர்காப்பாளர் எல்லா இடத்திலும் நிற்கமாட்டார்.

சுழியோடத் தெரிந்த நண்பர்கள் ஹேர்மஸ் கப்பலைக் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி அது. கிடப்பது 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில். சாதாரண சுழியோடிச் சான்றிதழின் உச்ச எல்லையே 40 மீற்றர். தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி இல்லாமல் ஆசைப்பட வேண்டாம்.

படுவான்கரையை ஒரு மத்தியானத்துக்கு வையுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரத்துக்குப் பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. புல்லுண்ட கல்நந்தியின் கதையைக் கோயிலடியில் இருக்கிற பெரியவர்களிடமே கேளுங்கள். மண்டூர் முருகன் கோயிலில் கதிர்காமத்தைப் போல வாய்கட்டிப் பூசை. குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் போவது அழகு. காற்றுக் கடுமையென்றால் நிற்கும் என்பதால் காலையிலேயே விசாரியுங்கள். பொழுதுபடும் முன் திரும்பிவிட வேண்டும், யானை வருகிற பகுதி.

வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும். கேட்காமல் கைப்பேசியைத் தூக்காதீர்கள். ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். பார்க்க வேண்டிய கூட்டம், ஆனால் அறையை வெகு முன்பே பிடிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சாப்பாட்டில் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பத்துப் பேர் திடீரென்று போய் நண்டுக் கறி கேட்டால் கிடைக்காது. முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள், ஆளுக்கு அரைக் கிலோ நண்டு கணக்கு. ஓடு போகச் சதை கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்றுக் கடைகள் பூட்டியிருக்கும். எருமைத் தயிரைப் புறப்படுகிற காலையில் வாங்கி, சட்டிக்கு அடியில் துணிச்சுருள் வைத்து வேனின் தரையில் வையுங்கள். ஆசனத்தில் வைத்தால் முதல் பிரேக்கிலேயே உடையும்.

மூன்றாவது நாள் இருந்தால் தெற்கே போங்கள். அறுகம்பேயில் அலை சித்திரையிலிருந்து ஐப்பசி வரை. பெரிய அலை உடையும் முனைகளில் அடியில் பாறை, பழகாதவர்கள் சின்ன அலை வருகிற பேபி பொயின்ரோடு நிறுத்த வேண்டும். உகந்தை முருகனிடமும் குமண தேசியப் பூங்கா வாயிலுக்கும் போகிறவர்கள் பொத்துவிலிலேயே பெற்றோலும் தண்ணீரும் நிரப்ப வேண்டும். பாணமைக்கு அப்பால் கடை கிடையாது. மீன், இறைச்சி, மது எதையும் வேனில் ஏற்றாமல் போய், வெயில் இருக்கும்போதே பாணமைக்குத் திரும்பிவிடுங்கள்.