பாஸ்டன் கடலில் கொட்டியது அசாம் தேயிலை அல்ல

“1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது நம் அசாம் தேயிலை; தேயிலை வரியைப் பிரிட்டன் ஏற்றியதால்தான் அமெரிக்கர்கள் கொதித்தார்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அமெரிக்கா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16 இரவு, பாஸ்டனில் வரியை எதிர்த்தவர்கள் மூன்று கப்பல்களிலிருந்து கடலில் கொட்டிய 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. பிரிட்டனின் கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவின் கான்டன் துறைமுகத்தில் வாங்கி, லண்டன் வழியாக அனுப்பிய சரக்கு அது. கம்பெனியின் பெயரைப் பார்த்து இந்தியச் சரக்கு என்று நினைத்துவிடுகிறார்கள் போலும். அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்ததே 1839இல்தான்.

அப்புறம் வரி. அமெரிக்காவில் இறங்கும் தேயிலைக்கு ராத்தலுக்கு (ஒரு பவுண்டு எடைக்கு) மூன்று பென்ஸ் வரி 1767இலேயே வந்துவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773இல் கொண்டுவந்த தேயிலைச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. கடனில் தத்தளித்த கம்பெனியைக் காப்பாற்ற, அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நேரடியாக விற்க அனுமதித்தது. பிரிட்டனில் கட்டிய சுங்கத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதனால் கம்பெனித் தேயிலையின் விலை குறையும் நிலைதான்.

சரி, மலிவாகக் கிடைத்தும் ஏன் கோபம்? அதை வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றத்தின் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு, உள்ளூர் வணிகர்களுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பே போய்விடும் என்ற பயமும் இருந்தது.