வயலில் இறங்கியவர்களும் வரலாறுதான்

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் பக்கத்தில் ஒரு கல் சிலுவை இருக்கிறது. 1912 ஜூலை 5 அன்று விமானம் விழுந்து இறந்த கேப்டன் லொரெய்ன், ஸ்டாஃப் சார்ஜென்ட் வில்சன் இருவரின் நினைவுச் சின்னம். பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் படையான ராயல் ஃப்ளையிங் கோர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை; அந்தப் படை முதலில் பறிகொடுத்தது இவர்களைத்தான். அந்தச் சிலுவை அங்கே இருக்கத்தான் வேண்டும். என் ஆதங்கம் வேறு. எஞ்சின் நின்றுபோய், பெயர் தெரியாத கிராமத்து வயலில் உயிரோடு இறங்கி, பழுது பார்த்து மறுபடி பறந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

1913 பிப்ரவரியில் அதே படையின் இரண்டாம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் ஐந்து விமானங்கள் தெற்கு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலிருந்து ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸுக்குக் கிளம்பின. 17ஆம் தேதி புறப்பட்டு 26ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தன. மூடுபனி, எஞ்சின் கோளாறு, வழி தவறுவது என்று நடுவில் எத்தனையோ தடங்கல். ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே பறந்த காலம் அது.

அவசரத் தரையிறக்கம் என்றாலே தோல்வி என்று நினைக்கிறோம். அது தவறு. எஞ்சின் நின்றதும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். பதற்றத்தில் சட்டென்று திருப்பினால் விமானம் தலைகுப்புறப் போகும். அப்புறம் காற்றின் திசை தெரிய வேண்டும். கிராமத்து வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும். வேலி, பள்ளம், மாடு இல்லாத வயலாகவும் இருக்க வேண்டும். இவ்வளவையும் முடிவு செய்யக் கிடைப்பது ஒரு சில நிமிடங்கள், சில சமயம் அதுவும் இல்லை. இதைத் திறமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இறங்கிய பிறகு கிராமத்தின் பங்கு தொடங்கும். ஊரே திரண்டு வரும். இறக்கையின் துணியை விறைப்பாக்கப் பூசிய ‘டோப்’ என்ற வார்னிஷ் போன்ற பூச்சை மாடுகள் நக்க வரும், அவற்றை விரட்ட ஆள் வேண்டும். இரவில் காற்று தூக்கிவிடாமல் இறக்கையைக் கயிறு கட்டி நிறுத்த வேண்டும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கும்போது விளக்குப் பிடிக்கவும் ஒரு கை வேண்டும். ராணுவ விமானம் பறக்கக் கற்றுக்கொண்டதில் இந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளையும் பள்ளிக் குறிப்பேடுகளையும் தேடினால் இப்படிப்பட்ட நாட்கள் வெளிவரும். அந்தந்த வயலோரத்தில், தேதியோடும் விமானத்தின் பெயரோடும் ஒரு சின்னப் பலகையாவது வைக்க வேண்டும். உயிர் போன இடத்தில் மட்டும்தான் கல் நட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?