பெயர் தானாக ஏறிவிட்டது, ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் 18 வயது நிரம்பிய குடிமக்கள் யாரும் வாக்காளராகப் பதிய வேண்டியதில்லை. பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். 2019-இல் மக்களவையில் ஓட்டளித்த 211 பேரில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய திருத்தம் அது. நல்ல காரியம். ஆனால் அதுவரை கோயில் வாசலிலும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் பதிவு மேசை போட்டவர்களில் பலர், வேலை முடிந்தது என்று மேசையை மடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2018-இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. தானாக ஏறிய பெயர்கள் எந்தத் தொகுதிக்குப் போயின? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், என்ன முகவரியோ அந்தத் தொகுதிக்கு.

நம்மவர்களின் ஐசியைப் பாருங்கள். பல வருடமாக கோலாலம்பூரில் செந்தூல் அடுக்குமாடியில் குடியிருப்பார், ஐசியில் பேராக் மாநிலத்தில் ஏதோ ஒரு தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கும். தோட்டமே கைமாறி வீடமைப்புப் பகுதி ஆகியிருக்கும். கடந்த பொதுத் தேர்தல் 2022 நவம்பர் 19, சனிக்கிழமை, மழைக்காலம். வார இறுதியிலும் ஷிப்ட் உள்ள பாதுகாவலரும் துப்புரவுத் தொழிலாளியும் பஸ் டிக்கெட் எடுத்து அவ்வளவு தூரம் போய் வருவார்களா? போகாதவரைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டுவது அநியாயம்.

கோலாலம்பூர்க்காரருக்கு இழப்பு இன்னும் பெரிது. இங்கே சட்டமன்றம் கிடையாது. நகராண்மைத் தேர்தல் 1960-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. மேயரான டத்தோ பண்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் கிடைப்பது நாடாளுமன்றத்துக்கான ஒரே ஒரு ஓட்டுச்சீட்டு. லிப்ட் பழுது, வெள்ளம், குப்பை எல்லாம் செந்தூலில், ஓட்டு மட்டும் வேறு மாநிலத்தில் என்றால் இங்குள்ள எம்பியிடம் எந்தப் பிடியோடு பேசுவது?

ஆகவே மேசையைத் திரும்பப் போடுவோம். முதலில் தேசியப் பதிவிலாகாவில் ஐசி முகவரியை மாற்ற வேண்டும், அப்புறம் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். ஐசி மாறினால் ஓட்டும் மாறிவிடும் என்று நம்புகிறார்கள். மாறாது. நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினாலும் அந்தத் தேர்தலுக்கு உதவாது. அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும், எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியும் வரலாம்.

இதைக் கட்சிக்காரர்களே செய்யட்டுமே என்று ஒரு நண்பர் கேட்டார். கட்சி தனக்கு விழும் ஓட்டைத்தான் தேடும், அது அவர்கள் வேலை. நம் மேசையில் கட்சிச் சட்டை, கொடி, எம்பி படம் எதுவும் வேண்டாம். "யாருக்குப் போடட்டும் தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டால், "அது உங்க விருப்பம் பாட்டி" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேசைக்கு வருபவர்களின் ஐசியை நாம் படம் எடுக்கக் கூடாது. ஓட்டு எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று ஐசி எண்ணை அவரவர் போனிலேயே தட்டிப் பார்க்கட்டும்.

நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடும் சிலர் வந்து உட்காருவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள். உங்களுக்கு ஓட்டு இல்லை, போங்கள் என்று அனுப்பிவிட மனசு வரக்கூடாது. குடியுரிமை விண்ணப்பம் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கோயில் நிர்வாகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடம் தந்தால் போதும். மேசை, நாற்காலி, ஆட்கள் எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். இன்பாக்ஸில் எழுதுங்கள்.