மட்டக்களப்பில் ஒரு துப்பறியும் நாவல் எழுதுவதானால்

முப்பது ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன பெண்ணொருத்தியைத் தேடும் துப்பறியும் நாவல் ஒன்றை மொழிபெயர்ப்பில் வாசித்தேன். குளிர்தேசத்துச் சிற்றூர், ஓய்வுபெறப்போகும் பொலிஸ் அதிகாரி, மூடிவைத்த பழைய கோப்பு. ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் காத்துவந்திருக்கிறது. கடைசியில் ஒரு கிழவர் வாய் திறக்க, எல்லாம் வெளியே வருகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும் எனக்கு அதன் அடித்தளமே ஒட்டவில்லை.

இங்கே சாட்சிகள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமில் இருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. தாய்மாரின் கண்முன்னே நடந்தது அது. ஆணைக்குழுக்கள் மாறின, அவர்கள் சொன்ன சாட்சியம் மாறவில்லை. அதே ஆண்டு யூலையில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகளைப் புலிகள் வழிமறித்துக் கொன்றார்கள். ஹஜ் முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த உடல்களைத் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்று காத்தான்குடிக் குடும்பங்கள் கேட்டுவருகின்றன.

எங்கள் ஊர் நாவலில், கொண்டுபோனது யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எங்கே என்பதுதான் மீதி முந்நூறு பக்கமும். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் கட்டளையிட்டவர்களும் வாகனம் ஓட்டியவர்களும் குழி வெட்டியவர்களும்தான். பொய்யைக் காப்பது ஊர் அல்ல, அவர்கள்.

இன்னொன்று, காலம். அந்த நாவலில் சாட்சிகள் எல்லோரும் அதிகாரி வரும்வரை உயிரோடு காத்திருக்கிறார்கள். இங்கே தாய்மார் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்கிறார்கள். எலும்பு கிடைத்தாலும் அது யாருடையது என்று மரபணுவால் உறுதிசெய்யப் பெற்றோரின் அல்லது பிள்ளைகளின் மாதிரி இருந்தால்தான் வேலை எளிது. தூரத்து உறவுக்குப் போகப்போகச் சந்தேகம் கூடும். காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. தாய்மாரின் மாதிரிகளை அப்போதே எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கவேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற 2010இல் தனிச்சட்டம் வந்ததே, அது ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். காணி உறுதியை மாற்றவேண்டும், உதவிப்பணம் எடுக்கவேண்டும் என்று மருமகள் படிவத்தோடு நிற்கிறாள். கையெழுத்து வைத்தால் மகனை நானே கொன்றதாகிவிடும் என்கிறாள் மாமி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தத் துப்பறிவாளருக்கும் இதைவிடக் கடினமான அத்தியாயம் கிடைக்காது.

இதை எழுதக்கூடியவர்கள் கிழக்கில் இருக்கிறார்கள். கொழும்பில் இருந்து வரும் கெட்டிக்காரப் பொலிஸ் அதிகாரியை மட்டும் நாயகனாக்கிவிடாதீர்கள். கோப்பைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அந்த அம்மாதான் துப்பறிவாளர். எழுத நினைப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். பேச விரும்பும் குடும்பங்களிடம் நானே கூட்டிப்போகிறேன்.